மூளைக் கட்டிக்கு மின்புலச் சிகிச்சை: சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் ஒரு கல்லூரியில் மருத்துவக் கருவியியல் பாடம் நடத்துகிறேன். நான் மருத்துவர் அல்ல. மூளைக் கட்டிக்கு மின்புலம் கொடுக்கும் சிகிச்சையைப் பற்றி வகுப்பில் பேசினால், அந்தப் பேச்சு மாணவர்கள் வழியாக வீடுகளுக்குப் போய்விடுகிறது. பிறகு உறவினருக்குக் கட்டி இருப்பவர்களிடமிருந்து அழைப்பு வருகிறது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை ஓரிடத்தில் வைத்திருக்கிறேன். எந்தச் சிகிச்சை யாருக்கு என்பதை உங்கள் மருத்துவரோடுதான் பேச வேண்டும். கட்டித் திசுவுக்குள் மின்புலம் என்ன செய்கிறது என்பதில் எனக்கு ஆர்வம் அதிகம் என்பதால், அந்தப் பதில்கள் மட்டும் நீண்டுவிட்டன.

இது 'கரன்ட் வைப்பது'தானே?

இல்லை. நம் பக்கத்தில் கரன்ட் வைப்பது என்றால் கதிர்வீச்சு. மனநோய்க்குக் கொடுக்கும் ஷாக் இன்னொன்று. இது இரண்டிலும் சேராதது. தலையை மழித்து, நான்கு ஒட்டுப் பட்டைகளை ஒட்டுவார்கள். ஒவ்வொரு பட்டையிலும் ஒன்பது பீங்கான் வில்லைகள் இருக்கும். அவற்றிலிருந்து வரும் வயர்கள், தோளில் மாட்டும் பைக்குள் இருக்கும் கருவியில் சேரும். வினாடிக்கு 2 லட்சம் சுற்றுகள், அதாவது 200 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் திசை மாறும் மின்புலம் தலைக்குள் பரவும். அதன் வலிமை சென்டிமீட்டருக்கு 1 முதல் 3 வோல்ட் வரைதான். ஷாக் அடிக்காது. ஒட்டிய இடம் லேசாகச் சுடும். பட்டைகளில் வெப்ப உணரிகள் இருப்பதால், சூடு அளவு மீறினால் கருவி தானே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும்.

எந்தக் கட்டிக்கு?

மூளையைப் பொறுத்தவரை கிளியோபிளாஸ்டோமாவுக்கு. மூளையிலேயே தோன்றும் புற்றுக்கட்டிகளில் பெரியவர்களை அதிகம் தாக்குவதும் மிகக் கொடியதும் இதுதான். அறுவை சிகிச்சையில் கண்ணுக்குத் தெரிந்த கட்டியை எல்லாம் எடுத்துவிட்டாலும், அதன் செல்கள் சுற்றியுள்ள மூளைக்குள் ஏற்கெனவே ஊடுருவிப் போயிருக்கும். 2005 முதல் வழக்கமான முறை: அறுவை, ஆறு வாரக் கதிர்வீச்சு, டெமோசோலமைடு என்ற கீமோ மாத்திரை. மின்புலம் இவற்றுக்கு மாற்று அல்ல, இவற்றோடு சேர்வது. 'ஆபரேஷன் வேண்டாம், அந்த மெஷின் மட்டும் போதும்' என்று கேட்பவர்களிடம் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

யார் கண்டுபிடித்தது?

இஸ்ரேலின் ஹைஃபா நகரில் டெக்னியான் நிறுவனத்தில் உடலியல் பேராசிரியராக இருந்த யோராம் பால்டி. சோதனைத் தட்டில் வளர்த்த புற்றுச் செல்களில் கிடைத்த முடிவு 2004இல் வெளியானது. விலங்குகளிலும், கட்டி திரும்ப வந்த பத்து நோயாளிகளிலும் செய்த முதல் முயற்சி 2007இல் வெளியானது. அமெரிக்க மருந்து நிர்வாகம், கட்டி திரும்ப வந்தவர்களுக்கு 2011இலும் புதிதாகக் கண்டறியப்பட்டவர்களுக்கு 2015இலும் அனுமதி கொடுத்தது.

மின்புலம் செல்லுக்குள் போய் என்ன செய்கிறது?

செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைகளில் முலாம் பூசும் தொட்டியைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ஓடுவது நேர்மின்னோட்டம். உலோக அயனிகள் ஒரே பக்கமாக நகர்ந்து கொலுசின் மேல் படிகின்றன. இங்கேயோ திசை கணத்துக்குக் கணம் புரள்கிறது. அயனிகள் எங்கும் போய்ச் சேர்வதில்லை, நின்ற இடத்திலேயே அல்லாடுகின்றன. அப்படியானால் பாதிக்கப்படுவது எது? ஒரு முனையில் நேர் மின்னும் மறுமுனையில் எதிர் மின்னும் தேங்கிய பெரிய புரதங்கள் என்பது பால்டி குழுவின் விளக்கம்.

அவற்றில் முக்கியமானது டியூபுலின். செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துச் செல்லும் நுண்குழல்கள் டியூபுலினால் கட்டப்பட்டவை. வெளியிலிருந்து வரும் புலம் அந்த மூலக்கூறுகளைத் தன் திசைக்குத் திருப்பப் பார்க்கிறது, கட்டுமானம் தடுமாறுகிறது. செப்டின் என்ற இன்னொரு புரதம், பிரியும் செல்லின் நடுக்கோட்டில் போய் அமர்ந்தால்தான் ஒடுக்கம் உறுதிப்படும். அதுவும் தன் இடத்தைத் தவறவிடுகிறது.

கடைசிக் கட்டம் இன்னும் சுவையானது. செல் நடுவில் ஒடுங்கி, இரு பாதிகளும் ஒரு மெல்லிய கழுத்தால் மட்டும் இணைந்திருக்கும் நேரம் அது. புலக்கோடுகள் அந்தக் கழுத்தில் நெருங்கிக் குவிகின்றன. புலம் சீராக இருந்தால் இருமுனை மூலக்கூறு திரும்ப மட்டுமே செய்யும். சீரற்ற புலத்தில் அது வலிமை மிகுந்த பக்கம் நகரவும் செய்யும். செல்லின் உள்ளடக்கம் கழுத்தை நோக்கி இழுபட்டு, பிரிவு சிதறுகிறது. தப்பிப் பிரிந்தாலும் குரோமோசோம் எண்ணிக்கை ஏறுமாறாகி, பல செல்கள் பின்னர் இறக்கின்றன.

பிரியும் அச்சு புலத்தின் திசையோடு ஒத்துப்போகும் செல்தான் அதிகம் அடிபடும். கட்டியிலோ செல்கள் எல்லாத் திசைகளிலும் பிரிகின்றன. அதனால்தான் நான்கு பட்டைகள்: ஒரு ஜோடி முன்னும் பின்னும், மற்றொன்று இடமும் வலமும். கருவி வினாடிக்கொரு முறை ஜோடியை மாற்றுகிறது. நரம்புச் செல்கள் பெரும்பாலும் பிரிவதில்லை என்பதால் அவை தப்பிக்கின்றன.

அந்த விளக்கம் உறுதியானதா?

முழுமையாக இல்லை. என் மாணவர்களை நான் போடச் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. டியூபுலினின் இருமுனைத் திருப்புத்திறனை, அதாவது அதன் இரு முனைகளிலும் மின் எவ்வளவு பிரிந்து நிற்கிறது என்ற அளவை, சில ஆயிரம் டிபை (அதன் அலகு) என்று வையுங்கள். சென்டிமீட்டருக்கு 2 வோல்ட் புலத்தால் பெருக்குங்கள். கிடைக்கும் ஆற்றல், உடல் வெப்பத்தில் மூலக்கூறுகள் தாமாகவே குலுங்கும் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. இவ்வளவு சிறிய தள்ளல் அவ்வளவு பெரிய குலுக்கலுக்கு நடுவே எப்படி எடுபடும் என்று இயற்பியலாளர்கள் கேட்பது நியாயமான கேள்வி. நுண்குழல் முழு நீளத்துக்கும் இருமுனைகள் ஒன்றுசேர்ந்து செயல்படலாம் என்பது ஒரு பதில். வேறு வழிகளும் ஆராயப்படுகின்றன. புலத்தில் வைத்த செல்களில், சிதைந்த டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் மரபணுக்களின் வேலை குறைகிறது. கதிர்வீச்சோடு சேர்த்தால் பலன் கூடும் என்ற எதிர்பார்ப்பு அங்கிருந்து வருகிறது. செல் சவ்வில் கால்சியம் வாயில்கள் திறப்பதாகவும் ஆய்வுகள் உண்டு. பிரிவு குளறுபடியாகும்போது உட்கருவிலிருந்து சிதறும் டிஎன்ஏ துணுக்குகள், வைரஸ் வந்துவிட்டதாகச் செல்லை நினைக்கவைத்து நோயெதிர்ப்பைத் தட்டி எழுப்புகின்றன என்று ஃபுளோரிடா பல்கலைக்கழகக் குழு 2022இல் காட்டியது. எனக்கு இவற்றில் மிகவும் நம்பிக்கை தருவது இந்தக் கடைசி வழி.

மேட்டூரிலிருந்து வரும் உயரழுத்தக் கம்பிக்குக் கீழே உட்கார்ந்தால் கட்டி கரையுமா?

கேட்டவர் பாதி விளையாட்டாகக் கேட்டார். கரையாது. அது 50 ஹெர்ட்ஸ். அவ்வளவு மெதுவாக மாறும் புலத்தைச் செல்லின் சவ்வு உள்ளே விடாமல் வெளியிலேயே நிறுத்திவிடும். ஆயிரம் ஹெர்ட்ஸுக்குக் கீழே போதிய வலிமை இருந்தால் நரம்பும் தசையும் துடிக்கும். பல மெகாஹெர்ட்ஸுக்கு மேலே திசு சூடாகும். இடைப்பட்ட 100 முதல் 300 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் சவ்வின் தடுப்பு தளர்ந்து, நரம்பைத் தூண்டாமலே புலம் உள்ளே நுழைகிறது. செல்போன் அலை இதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வேகமானது. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

கட்டித் திசுவில் இதை எப்படி ஆராய்கிறார்கள்?

ஒருவரின் கட்டியிலிருந்து எடுத்துத் தட்டில் ஆண்டுக்கணக்காகப் பெருக்கிவரும் செல்வரிசைகளில்தான் எல்லோரும் தொடங்குகிறார்கள், அதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. உலகமெங்கும் கிளியோபிளாஸ்டோமா ஆய்வில் அதிகம் பயன்பட்ட யு-87 என்ற வரிசை, 1960களில் சுவீடனின் உப்சாலாவில் ஒரு நோயாளியின் கட்டியிலிருந்து உருவாக்கப்பட்டது. சேமிப்பகங்கள் வழங்கிவரும் யு-87இன் மரபணு அந்த மூலக் கட்டியோடு பொருந்தவில்லை என்று உப்சாலாக் குழுவே 2016இல் ஒப்பிட்டுக் காட்டியது. அதுவும் ஒரு மூளைக் கட்டிதான். ஆனால் வேறு யாருடையதோ. தவிர, தட்டில் இருப்பது ஒரே வகைச் செல். நிஜக் கட்டியில் இரத்தக்குழாய், நோயெதிர்ப்புச் செல்கள், இறந்த நடுப்பகுதி, ஊடுருவப்பட்ட மூளை எல்லாம் கலந்து கிடக்கும்.

ஆகவே அறுவை அரங்கிலிருந்து நேரே வரும் திசுவுக்கு மதிப்பு அதிகம். எடுத்த துண்டைப் பனிக்கட்டியில் வைத்த ஊட்டக் கரைசலில் போட்டு ஆய்வகத்துக்கு ஓட வேண்டும். அங்கே அதிரும் பிளேடு கொண்ட இயந்திரத்தால் அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த கனத்தில் சீவுகிறார்கள். கனம் கூடினால் நடுவில் ஆக்சிஜன் போய்ச் சேராது. குறைந்தால் வெட்டுப்பட்ட மேற்பரப்பே மிஞ்சும். சீவலை நுண்துளைச் சவ்வின் மேல் கிடத்துவார்கள். அடியில் ஊட்டக் கரைசல், மேலே காற்று. இப்படி ஒன்றிரண்டு வாரம் உயிரோடு வைக்கலாம். பலவகைச் செல்களும் அவற்றின் அக்கம்பக்கமும் கலையாமல் இருக்கும் என்பதே இதன் பலம்.

புலம் கொடுப்பதற்குச் சாதாரணக் கண்ணாடித் தட்டு உதவாது. மின்காப்புப் பீங்கானால் செய்த சிறப்புத் தட்டு வேண்டும். வெறும் உலோக மின்வாயை முக்கினால், அதன் பரப்பில் நடக்கும் வேதிவினைகளும் கரையும் உலோகமுமே செல்லைக் கொன்றுவிடும். பழி மின்புலத்தின் மேல் விழும். அதைவிடத் தொல்லையானது சூடு. புலம் கரைசலைச் சூடாக்குவதால், சுற்றியுள்ள பெட்டியைக் குளிரவைத்து, தட்டுக்குள் 37 டிகிரி நிற்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். அதே கட்டியிலிருந்து சீவிய இன்னொரு துண்டைப் புலமில்லாமல், அதே வெப்பநிலையில் பக்கத்தில் வைக்க வேண்டும். இந்தத் தொடர்பில் ஆய்வுக் கட்டுரை படிக்கும் மாணவர்கள், வெப்பநிலை ஒத்த ஒப்பீட்டுத் துண்டு இருந்ததா என்று முதலில் தேடுங்கள். இல்லையென்றால் சூட்டின் வேலையைப் புலத்தின் கணக்கில் எழுதிவிட வாய்ப்பு உண்டு.

பிறகு சாயமேற்றிப் பார்ப்பது: கேஐ-67 என்ற புரதம் பிரிந்துகொண்டிருக்கும் செல்லைக் காட்டும், வெட்டுப்பட்ட காஸ்பேஸ்-3 இறக்கத் தொடங்கிய செல்லைக் காட்டும். ஒரு நோயாளியின் திசுவில் பிரிவு நன்றாகக் குறைய, இன்னொருவருடையதில் அசைவே இல்லாமல் போகலாம். யாருக்குப் பலன் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லும் வழி இந்த வேறுபாட்டுக்குள்தான் ஒளிந்திருக்கிறது என்பது என் கருத்து. சராசரியைத் தேடுபவர்கள் இதை இரைச்சல் என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

மண்டையோட்டைத் தாண்டி எவ்வளவு உள்ளே போகும்?

எலும்பு மின்சாரத்தை மோசமாகக் கடத்தும். மூளையைச் சூழ்ந்த தண்டுவட நீர் மிக நன்றாகக் கடத்தும். ஆகவே புலம் நேர்க்கோட்டில் பாய்வதில்லை. எங்கே நீர் இருக்கிறதோ அதன் வழியே மின்னோட்டம் ஒதுங்கிப் போகப் பார்க்கும். அறுவையில் எடுத்த கட்டியின் குழிக்குள் நீர் நிறைந்திருந்தால் கணக்கு மறுபடியும் மாறும். இதனால் ஒவ்வொருவரின் எம்ஆர்ஐ படத்தை வைத்தே பட்டைகளின் இடத்தைக் கணினியில் தீர்மானிக்கிறார்கள். டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் ஒரு குழு, கட்டிக்கு மேலே மண்டையோட்டில் சிறு துளைகள் போட்டுப் புலத்தை உள்ளே கூட்டும் முயற்சியைப் பதினைந்து நோயாளிகளிடம் முதல்கட்டமாகச் சோதித்தது. துணிச்சலான யோசனை.

இதில் ஒரு பகுதியைக் கல்லூரியிலேயே செய்யலாம். லிட்டருக்கு ஒன்றரை கிராம் உப்புப் போட்டுக் காய்ச்சிய அகர் (கடற்பாசிக் கூழ்) ஏறக்குறைய மூளையின் கடத்துதிறனைத் தரும்: மீட்டருக்கு 0.3 சீமென்ஸ். 0.9 சதவீத உப்புநீர் தண்டுவட நீரின் அருகில் வரும். நடுவில் பிளாஸ்டிக் வளையம் ஒன்றை எலும்பாக வைத்து, 200 கிலோஹெர்ட்ஸ் சிக்னல் ஜெனரேட்டரை இணைத்து, ஊசி மின்வாயால் இடத்துக்கு இடம் மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். வளையத்தில் துளையிட்டு மறுபடி அளந்தால் ஆர்ஹஸ் குழு என்ன நினைத்தது என்பது கைக்கே புரியும். மனிதத் திசுவைத் தொடுவதாக இருந்தால் கதை வேறு. நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒரு சீவலைக்கூட வாங்க முடியாது, கூடாது.

ஆயுள் எவ்வளவு கூடும்?

பெரிய சோதனை 695 பேரிடம் நடந்து, 2017இல் வெளியானது. டெமோசோலமைடு மட்டும் எடுத்தவர்களில் பாதிப் பேர் 16 மாதம் வரை இருந்தார்கள். மின்புலமும் சேர்த்தவர்களில் அது 20.9 மாதம். ஐந்து ஆண்டு கடந்தவர்கள் 5 சதவீதத்திலிருந்து 13 சதவீதம் ஆனார்கள். அறுவையும் கதிர்வீச்சும் முடிந்து, கட்டி வளராமல் இருந்தவர்களை மட்டுமே சேர்த்தார்கள். கணக்கும் சேர்த்த நாளிலிருந்து தொடங்குகிறது. 'ஐந்து மாதம்' என்று கேட்டுவிட்டு எல்லா நோயாளிக்கும் அதைப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

குறைகளும் உண்டு. மறுதரப்புக்குப் போலிக் கருவி மாட்டவில்லை. யாருக்கு எது என்று எல்லோருக்கும் தெரியும். நடத்தியது கருவியைத் தயாரிக்கும் நிறுவனம். அதற்கு முன், கட்டி திரும்ப வந்த 237 பேரிடம் மின்புலத்தை மட்டும் கீமோவோடு ஒப்பிட்டபோது ஆயுள் கூடவில்லை. இரண்டும் கிட்டத்தட்டச் சமம், பக்கவிளைவுதான் குறைவு. என் தீர்ப்பைக் கேட்டால், பலன் நிஜம், அளவு சிறியது, விளக்கம் பாக்கி.

நாளுக்கு எத்தனை மணி நேரம் மாட்ட வேண்டும்? சேலத்து வெயிலில் முடியுமா?

குறைந்தது 18 மணி நேரம். அதைவிடக் கூடுதல் நேரம் மாட்டியவர்களுக்குப் பலனும் கூடியதாகச் சோதனைக் கணக்கு காட்டுகிறது; ஆனால் உடம்பு நன்றாக இருப்பவர்களே அதிக நேரம் மாட்டியிருக்கவும் கூடும்.

சித்திரை வெயிலில் 38, 40 டிகிரி அடிக்கும் ஊரில், மழித்த தலையில் பட்டை ஒட்டிக்கொண்டு வாழ்வது எளிதல்ல. வியர்வையில் பசை தளரும். பட்டை சூடானால் கருவி ஓசை எழுப்பும். குளிரூட்டிய அறை ஆடம்பரமல்ல, சிகிச்சையின் பகுதி. சோதனையில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குத் தோலில் சிவப்பு, அரிப்பு, புண் ஏதாவது வந்தது, பெரும்பாலும் லேசானது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை பட்டையை மாற்றும்போது, புதியதைச் சற்றுத் தள்ளி ஒட்ட வேண்டும். தலைக்கு நல்லெண்ணெய் வைக்கும் வீடுகளுக்கு ஒரு சொல்: பழைய பட்டையைக் கழற்ற எண்ணெய் உதவும், புதியதை ஒட்டுமுன் எண்ணெய்ப்பசை ஒரு துளியும் இருக்கக் கூடாது. ஷாம்பு போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்து, காய்ந்த பிறகே ஒட்ட வேண்டும். ஒட்டுவதற்கு இன்னொருவர் கை வேண்டும். தனியாக இருப்பவரால் முடியாது.

ஏற்காட்டில் வெயில் பிரச்சினை இல்லை, மின்வெட்டுதான். ஒரு பேட்டரி இரண்டு, மூன்று மணி நேரம் தாங்கும். மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போகும் எஸ்டேட் வீடுகளில் இன்வெர்ட்டர் இல்லாமல் இதைத் தொடங்கக் கூடாது. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் வரும் நாளில் கூடுதல் பேட்டரியும் கையோடு வர வேண்டும்.

யாருக்குக் கூடாது?

பேஸ்மேக்கர், மூளைத் தூண்டல் கருவி போன்றவை உடலில் இருப்பவர்கள், மண்டையோட்டில் எலும்பு எடுத்து மூடாமல் விட்டவர்கள், பட்டையின் பசைக்கு ஒவ்வாமை உள்ளவர்கள், கர்ப்பிணிகள். அமெரிக்க அனுமதி 22 வயது நிரம்பியவர்களுக்கு, பெருமூளைப் பகுதிக் கட்டிக்கு மட்டும்.

செலவு?

அமெரிக்காவில் பட்டியல் விலை மாதம் 21,000 டாலர். நம் கணக்கில் பதினேழு லட்சத்துக்கும் மேல். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டு முழுவதற்கும் உச்சவரம்பு 5 லட்சம். ஜெர்மனியிலும் ஜப்பானிலும் பொதுக் காப்பீடு இதை ஏற்கிறது. பிரிட்டனின் மருத்துவ மதிப்பீட்டு அமைப்பு, கிடைக்கும் பலனுக்கு விலை ஏற்றதல்ல என்று 2018இல் பரிந்துரைக்க மறுத்தது. நிலத்தை விற்கட்டுமா என்று கேட்டவர்களிடம் நான் மறுப்புத்தான் சொல்லியிருக்கிறேன். கதிர்வீச்சையும் மாத்திரையையும் ஒழுங்காக முடிப்பது, வலிப்பைக் கட்டுக்குள் வைப்பது, வீட்டில் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருப்பது: முதல் செலவு இவற்றுக்குப் போகட்டும்.

ஊரில் காந்தப் படுக்கை, மின்சாரப் பாதக் கருவி வைத்திருக்கிறார்களே, அதுவும் இதேதானா?

இல்லவே இல்லை. அலைவெண், வலிமை, பட்டையின் இடம் எதுவும் ஒத்துப்போகாது. புற்றுநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டு மாயமருந்து விளம்பரத் தடைச் சட்டப்படி குற்றம். 'ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள்கிறோம்' என்று யாராவது பணம் கேட்டால், இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டின் எண்ணைக் கேளுங்கள். இந்தியாவில் நடக்கும் ஒவ்வொரு மருத்துவச் சோதனையும் அதில் முன்கூட்டியே பதிவாகியிருக்க வேண்டும். இணையத்தில் யாரும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம்.

ஆபரேஷனில் எடுத்த கட்டியை நாங்கள் ஏதாவது செய்ய வேண்டுமா?

ஆய்வுக்குக் கொடுக்க விருப்பமிருந்தால் அறுவைக்கு முன்பே சொல்ல வேண்டும். ஃபார்மலினில் போட்ட பிறகு அது உயிருள்ள சீவலுக்கு உதவாது. கொடுக்காவிட்டாலும் ஒன்றைச் செய்யுங்கள்: நோயியல் துறையிலிருந்து, கட்டித் திசுவைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கையும் கண்ணாடி ஸ்லைடுகளையும் கேட்டு வாங்குங்கள். மாத்திரைக்குக் கட்டி இணங்குமா, அது எந்த வகை என்று காட்டும் எம்ஜிஎம்டி, ஐடிஹெச் மரபணுச் சோதனைகள் பின்னாளில் தேவைப்பட்டால் அந்த பிளாக்கில்தான் செய்வார்கள்; வேறு ஊரில் இரண்டாம் கருத்துக் கேட்கப் போனாலும் முதலில் கேட்பது அதைத்தான். பிளாக் மெழுகில் இருப்பதால், மே மாதத்தில் பூட்டிய காருக்குள் விட்டுவிடாதீர்கள். உறையின் மேல் பெயரும் பயாப்சி எண்ணும் இருக்கிறதா என்று கவுண்டரிலேயே பார்த்து வாங்குங்கள்.